நிறத்தாளில் ஒரு வெள்ளைத் தாடி: பென்சில் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழுப்புத் தாளில் முதியவர் ஒருவரின் முகம். முக்கால் பக்கத் திருப்பம், மாநிறம், மூக்குக் கண்ணாடி, நெஞ்சைத் தொடும் வெள்ளைத் தாடி. இடப்பக்கம் மேலிருந்து ஜன்னல் வெளிச்சம் விழுகிறது. அளவுகள் சரியாக இருக்கின்றன, சாயலும் வந்திருக்கிறது. ஆனாலும் பார்த்தவுடன் ஏதோ உறுத்துகிறது. முகம் சாம்பல் பூசியதுபோல் நீலம் பாய்ந்து கிடக்கிறது. தாடி தனித்தனிக் கம்பிகளாக நிற்கிறது. படத்திலேயே கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி, விளக்கடியில் பளபளக்கிறது.

வெள்ளைத் தாளில் ஷேடிங் நன்றாகக் கைவந்தவர்கள் முதன்முதலாக டோன்டு பேப்பருக்கு, அதாவது நிறத்தாளுக்கு, மாறும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும். அந்த மாதிரிப் படம் ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறோம். எந்தக் கோளாறு எந்தப் படியில் நுழைந்தது, அதே முகத்தை அதே தாளில் மறுபடி வரையும்போது எதை மாற்ற வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் முறை நடந்தது

தாள் ஏ4 அளவு, 118 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 118 கிராம்), பழுப்பு நிற ஸ்கெட்ச் தாள். கையில் இருந்தவை எச்பி, 2பி, 4பி, 6பி கிராஃபைட் பென்சில்கள், மெழுகு அடிப்படையிலான வெள்ளைக் கலர் பென்சில் ஒன்று, தேய்ப்பதற்குக் காகிதக் குச்சி, பிளாஸ்டிக் ரப்பர்.

எச்பியால் முழு வெளிக்கோடு போட்டாயிற்று. 2பியால் முகம் முழுக்க மெல்லிய ஷேடிங் கொடுத்து, காகிதக் குச்சியால் தேய்த்து வழவழப்பாக்கியாயிற்று. அதன்மேல் 4பியில் நிழல்கள். பிறகு நெற்றி, மூக்குத்தண்டு, கன்னம், தாடி என்று வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெள்ளை. இறுதியில் 6பியை அழுத்திக் கண்மணியும் சட்டைக் கழுத்தின் இருட்டும். எல்லாம் முடிந்ததும் ஃபிக்சேட்டிவ், அதாவது படம் கலையாமல் பிடித்துவைக்கும் பிசின் ஸ்பிரே.

வெள்ளைத் தாளாக இருந்திருந்தால் இந்த வரிசையில் பெரிய தவறில்லை. நிறத்தாளில் இரண்டாவது படியிலேயே படம் கைவிட்டுப் போய்விட்டது. முகம் முழுக்க மெல்லிய ஷேடிங் கொடுத்த அந்த நிமிடத்தில், தாள் தானாகச் செய்து தரவிருந்த வேலை பறிபோனது.

முகம் ஏன் சாம்பலானது

வெள்ளைத் தாளில் தாள்தான் உச்ச வெளிச்சம். பென்சிலுக்கு ஒரே திசை, கீழ்நோக்கி இருட்டை நோக்கிப் போவது மட்டும்தான். நிறத்தாளில் தாள் நடு டோன், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடைப்பட்ட படி. அங்கிருந்து கிராஃபைட் கீழே போகும், வெள்ளைப் பென்சில் மேலே போகும். இருவரும் சந்திக்கக் கூடாது. சந்தித்த இடமெல்லாம் சாம்பல்.

இதை வெறும் விதியாக மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. மெல்லிய வெள்ளைத் துகள்கள் கறுப்பின்மேல் படியும்போது, நீல ஒளி சற்று அதிகமாகச் சிதறித் திரும்புகிறது. இருண்ட மலைக்கு முன்னால் எழும் புகை நீலமாகத் தெரிவதும் இதனால்தான். கிராஃபைட்டின்மேல் தடவிய வெள்ளை ஒரு புகைப்படலம்போல நடந்துகொள்கிறது. தாள் வேறு பழுப்பு, வெதுவெதுப்பான நிறம். அதன் பக்கத்தில் வைத்த எந்தச் சாம்பலும் கண்ணுக்குக் குளிர்ந்து நீலமாகவே படும். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் கறுப்பு நூல் சரியில்லை என்ற புகாரை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலர் ஷெவ்ரல், குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் இருக்கிறது என்று கண்டு, 1839-ல் நிறங்களின் உடனிகழ் முரண் (பக்கத்து நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றுவது) பற்றிப் புத்தகமாகவே எழுதினார். பழுப்புத் தாளில் கிராஃபைட் படும் பாடும் அதேதான். இரண்டு காரணங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உயிருள்ள கன்னத்தைச் சவத்தின் கன்னமாக மாற்றிவிட்டன.

இந்த முகத்தில் இன்னொரு கணக்கும் தவறியது. மிக வெளிச்சத்தை 1 என்றும் மிக இருட்டை 9 என்றும் வைத்து ஒன்பது கட்டங்கள் போட்டுப் பார்த்தால், கடையில் கிடைக்கும் பழுப்பு, சாம்பல் ஸ்கெட்ச் தாள்கள் நட்டநடுவான 5-ல் நிற்பதில்லை. பெரும்பாலும் 4 பக்கமாக, கொஞ்சம் வெளிச்சமாகவே இருக்கும். மாநிறத் தோலில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தால் அதன் டோனும் ஏறக்குறைய 4. ஆகவே இந்த முதியவரின் வெளிச்சக் கன்னத்துக்கு எந்தப் பென்சிலும் தேவையில்லை. தாளை அப்படியே விட்டால் போதும். அங்கே 2பியைத் தடவி 5-க்குத் தள்ளிவிட்டு, 'இருண்டுவிட்டதே' என்று வெள்ளையைப் பூசி மறுபடி 4-க்குக் கொண்டுவர முயன்றிருக்கிறது கை. இரண்டு வேலை செய்து, ஒரு வேலையும் செய்யாத தாளைவிட மோசமான முடிவுக்கு வந்திருக்கிறது.

வெளுத்த தோலாக இருந்தால் கணக்கு மாறும். வெளிச்சப் பக்கம் 2 அல்லது 3-ல் இருக்கும், தாள் அரைநிழலுக்குப் போய்விடும், வெள்ளை அகலமாக வேண்டியிருக்கும். கறுத்த தோலில் தாளே ஹைலைட்டுக்கு அருகில் வந்துவிடும், வெள்ளை நாலைந்து புள்ளிகளோடு நிற்கும். ஒரே தாளில் மூன்று முகம் வரைந்தால் மூன்றிலும் தாள் வேறு வேறு வேலை செய்கிறது. அதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

பளபளக்கும் இருட்டு

கிராஃபைட் தட்டையான அடுக்குகளால் ஆன பொருள். அழுத்தித் தேய்க்கும்போது அந்தத் தட்டுகள் தாளோடு படுத்து, சிறு கண்ணாடிகள்போல ஒரே திசையில் ஒளியைத் திருப்புகின்றன. அதனால் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு மினுங்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் 6பி போட்ட கண்மணி பக்கத்து நிழலைவிட வெளிச்சமாகத் தெரியும். வெள்ளைத் தாளில் சுற்றியுள்ள வெண்மை இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். தாள் ஏற்கெனவே நாலாம் படிக்கு இறங்கி நிற்கும் இடத்தில் மறைக்க எதுவுமில்லை. தாளுக்கும் கிராஃபைட்டின் அடிமட்டத்துக்கும் நடுவே இருப்பது நாலைந்து படிதான். அதில் கடைசிப் படியைப் பளபளப்பு தின்றுவிட்டால் படம் சோகை பிடித்துவிடும்.

தீர்வு எளிது. கடைசி இருட்டை மட்டும் கரி கலந்த பென்சிலிடம் கொடுத்துவிடலாம். கார்பன் பென்சில், சார்கோல் பென்சில், ஸ்டெட்லரின் மார்ஸ் லூமோகிராஃப் பிளாக் போன்றவை மினுக்கமில்லாத கறுப்பைத் தரும். ஒரு எச்சரிக்கை உண்டு. அழுத்திய கிராஃபைட்டின்மேல் கரி ஒட்டாது, வழுக்கும். ஆகவே கரி வர வேண்டிய இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அங்கே கிராஃபைட்டை 2பி மென்மையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு பக்கக் கிளை. நிறத்தாள் ஆசை பலருக்கும் வருவது பழைய ஓவியர்களின் படங்களைப் பார்த்துத்தான். ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1508-ல் வரைந்த, வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள கூப்பிய கைகள், நீலம் பூசிய தாளில் தூரிகையும் மையும் வெள்ளையும் கொண்டு செய்தது. பிரெஞ்சு ஓவியர் ப்ருதோன் நீலத் தாளில் வரைந்த உடல்கள் கறுப்பு, வெள்ளைச் சாக்கில் ஆனவை. இரண்டிலும் கிராஃபைட் இல்லை, பளபளப்பும் இல்லை. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 6பியால் அதே ஆழத்தைத் தேடுபவர், கருவி தர முடியாத ஒன்றைக் கையிடம் கேட்கிறார். ஆனால் ட்யூரரிடம் பென்சில்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தக் கைகளில் வெள்ளை எங்கேயும் பூச்சாக இல்லை. விரலின் உருளையைச் சுற்றிவரும் மெல்லிய கோடுகளாக இருக்கிறது, கோடுகளுக்கு இடையே தாள் மூச்சுவிடுகிறது.

தாடி

இந்தப் படத்தின் கடினமான பகுதி கண் அல்ல, தாடிதான். 'தாடி வெள்ளை, கையில் வெள்ளைப் பென்சில் இருக்கிறது, பிறகென்ன' என்று தோன்றும். முதல் முறையில் மயிர் மயிராக, வேரிலிருந்து நுனிவரை, ஒரே அழுத்தத்தில் நூற்றுக்கணக்கான வெள்ளைக் கோடுகள் இழுக்கப்பட்டன. வந்து நின்றது கம்பித் தூரிகை.

தாடி முதலில் ஒரு திரட்சி. மோவாயிலிருந்து தொங்கும், சற்றே சப்பையான ஒரு கூம்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னலைப் பார்க்கும் இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கமும் மோவாய்க்கு அடியும் நிழல். வெள்ளைப் பொருளின் நிழல் வெள்ளையாக இருக்காது என்பது தெரிந்த செய்திதான். ஆனால் எவ்வளவு இறங்கும் என்பதில்தான் கண் ஏமாறுகிறது. புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால், நிழலில் உள்ள வெள்ளைத் தாடியும் வெளிச்சத்தில் உள்ள மாநிறக் கன்னமும் ஏறக்குறைய ஒரே டோனில் நிற்பது தெரியும். கன்னம் தாள் என்றால் தாடியின் நிழற்பக்கமும் தாள்தான். 'தாடி வெள்ளையாயிற்றே' என்ற அறிவு குறுக்கே வந்து அங்கேயும் வெள்ளையைப் போட வைத்துவிடுகிறது. போட்டவுடன் கூம்பு தட்டையாகிறது.

அதனால் தாடியைக் கறுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். மயிர்க் கற்றைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள், உதட்டுக்குக் கீழுள்ள குழி, தாடி சட்டைமேல் விழுத்தும் நிழல். இவற்றை 2பியால் கற்றையின் போக்கிலேயே வரைந்தால், நடுவில் மிஞ்சும் தாள் தானாகவே மயிராகிவிடும். பிறகு இடப்பக்கக் கற்றைகளில், அவை வளைந்து ஜன்னலைப் பார்க்கும் முதுகில் மட்டும் வெள்ளை. ஒவ்வொரு கோடும் மெதுவாகத் தொட்டு, நடுவில் அழுத்தி, நுனியில் தூக்கிவிடுவதாக இருக்க வேண்டும். எட்டுப் பத்துக் கற்றைகள் போதும். வெளி விளிம்பில் தனியே பறக்கும் மயிர்கள் ஐந்தாறு. அவை பின்னணி இருட்டாக உள்ள பக்கத்தில் வெள்ளையாகவும், பின்னணி தாளாகவே உள்ள பக்கத்தில் மெல்லிய எச்பியாகவும் இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

வெள்ளை ஏன் ஒட்டவில்லை

மூக்குத்தண்டில் வெள்ளை ஏறவே இல்லை என்பது முதல் படத்தின் இன்னொரு புகார். காகிதக் குச்சி கிராஃபைட்டைத் தாளின் சொரசொரப்புக்குள் அடைத்துவிட்டது. வெள்ளைத் துகள் உட்கார இடமில்லை. அழுத்த அழுத்த மெழுகு மேலே வழவழப்பான தோலாகப் படிந்ததே ஒழிய வெண்மை கூடவில்லை. அப்படி மெழுகு படிந்த இடத்தில் பிறகு கிராஃபைட்டும் ஏறாது, ரப்பரும் வேலை செய்யாது. திரும்பி வர முடியாத நிலை அது.

வெள்ளைகளில் மூன்று இனம் உண்டு. மெழுகு அல்லது எண்ணெய்க் கலர் பென்சில் கூராக நிற்கும், தூசி எழாது, ஆனால் அழியாது, வெண்மையும் நடுத்தரம். வெள்ளைச் சார்கோல் பென்சில், பாஸ்டல் பென்சில், சாக் ஆகியவை அதைவிட வெளுப்பு. பிசையும் ரப்பரால் (களிமண்போல் உருட்டக்கூடிய மென்மையான ரப்பர்) தூக்கிவிடலாம், ஆனால் கை பட்டால் போய்விடும், கூர் உடையும். மூன்றாவது குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் நீர்வண்ணம்) அல்லது வெள்ளை ஜெல் பேனா. அது புள்ளிகளுக்கு மட்டும். முகத்துக்கு இரண்டாவது இனமே எங்கள் தேர்வு, தவறைத் திருத்த வழி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. அதைத் திருகியில் சீவினால் முறிந்துகொண்டே இருக்கும். பிளேடால் மரத்தை நீளமாக எடுத்துவிட்டு உப்புத்தாளில் உருட்டிக் கூராக்குவதே வழி.

ரப்பரைப் பற்றிச் சுருக்கமாக. பிளாஸ்டிக் ரப்பரால் தேய்த்த இடத்தில் தாளின் நார் எழும்பி, நிறம் ஒரு பிடி வெளுத்துத் திட்டாகத் தெரியும். வெள்ளைத் தாளில் கண்ணுக்குப் படாத காயம் இங்கே படும். பிசையும் ரப்பரை ஒற்றி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. விரலால் தேய்ப்பது இன்னும் கெடுதல். தோலின் எண்ணெய் தாளில் கறையாக இறங்கும், அதன்மேல் எதுவும் சீராக ஏறாது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் எப்போதும் இருக்கட்டும்.

இரண்டாம் முறை

தாளை மாற்றவில்லை. அதே 118 ஜிஎஸ்எம். தாளின் மேல் பழி போடும் வாய்ப்பை முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது.

தாளின் ஓரத்தில் ஒன்பது கட்டங்கள், ஒவ்வொன்றும் 1 செ.மீ. நான்காவது வெறும் தாள். 3, 2, 1 வெள்ளையின் மூன்று அழுத்தங்கள். 5-க்கு எச்பி, 6-க்கு 2பி, 7-க்கு 4பி, 8-க்கு அழுத்திய 4பி, 9-க்குக் கரிப் பென்சில். இதில் தெரியவரும் முதல் உண்மை, வெள்ளைக்கு மூன்றே படிகள்தான் இருக்கின்றன என்பது. அதை நெற்றியிலேயே செலவழித்துவிட்டால் கண்ணாடி மினுக்கத்துக்கு மிச்சமிருக்காது. இரண்டாவது, 2எச், 4எச் போன்ற கடினப் பென்சில்களுக்கு இங்கே வேலையே இல்லை. அவற்றின் சாயம் தாளோடு கலந்து தெரியாமல் போகும், கூர்முனை மட்டும் தாளில் பள்ளம் பறிக்கும். பிறகு அதன்மேல் வெள்ளை ஓடும்போது பள்ளம் இருண்ட இழையாகத் துருத்தும்.

மாதிரிப் புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, போனிலேயே நாலைந்து டோன்களாகக் குறைத்துக்கொள்ளலாம். எந்தப் பகுதி தாள், எந்தப் பகுதி வெள்ளை, எது இருட்டு என்று கட்டைவிரல் அளவுச் சிறுபடம் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். இந்த முகத்தில் வெளிச்சக் கன்னம், காது, நெற்றியின் பெரும்பகுதி, தாடியின் நிழல் எல்லாம் தாள். வெள்ளை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதற்கு மேல் போனால் நிறத்தாளை எடுத்ததற்கே அர்த்தமில்லை.

வெளிக்கோட்டை வேறு தாளில் முடித்துக்கொண்டு நகல் எடுக்க வேண்டும். ஒளிப்பெட்டி இங்கே அவ்வளவாக உதவாது, நிறமேற்றிய தாளினூடே கோடு மங்கிப்போகும். வரைபடத்தின் பின்புறம் நிழல் வரும் பகுதிகளில் மென்மையான சார்கோலையும், வெளிச்சம் வரும் பகுதிகளில் வெள்ளைப் பாஸ்டலையும் தேய்த்து, மேலே மெதுவாகக் கோட்டை ஓட்டினால் போதும். வெள்ளை வரப்போகும் விளிம்பில் எச்பிக் கோடு கிடந்தால் அது கடைசிவரை அடியிலிருந்து எட்டிப்பார்க்கும்.

நிழல் முழுவதும் முதலில். வலப்பக்கக் கன்னம், கண்குழி, மூக்கடி, கழுத்து ஆகிய எல்லாவற்றையும் 2பியால், ஒரே பக்கமாகச் சாய்ந்த நெருக்கமான கோடுகளால், ஒரே தட்டையான இருட்டாக நிரப்ப வேண்டும். தேய்ப்பு இல்லை. அதற்குள் 4பியால் ஆழங்கள். பின்பு நிழலின் விளிம்பிலிருந்து வெளிச்சத்தை நோக்கி எச்பியைக் கரைத்துக்கொண்டே போய், கரைந்து முடிந்த இடத்துக்கும் வெள்ளை தொடங்கும் இடத்துக்கும் நடுவே குறைந்தது 3 முதல் 5 மி.மீ. வெறும் தாள் விட வேண்டும். உருண்டை வடிவம் கிடைப்பது இந்த இடைவெளியில்தான். முதல் படத்தில் எவ்வளவு தேய்த்தும் கிடைக்காதது, இங்கே ஒன்றும் செய்யாமல் கிடைக்கிறது. வெறும் இடத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த நிலையில் படத்தை இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்க்கலாம். வெள்ளை ஒரு கோடுகூட இல்லாமலே முகம் திரண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் குறை நிழலில் இருக்கிறது. வெள்ளை அதைச் சரிசெய்யாது.

பிறகு வெள்ளை. முதல் சுற்று மிக இலேசாக, பென்சிலைப் படுக்க வைத்து நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, தாடியின் இடப்பக்கம். இரண்டாம் சுற்று அந்தத் திட்டுகளின் நடுவில் மட்டும், விளிம்பைத் தொடாமல். மூன்றாவது அழுத்தம் மூக்குநுனியில் ஒன்று, கீழுதட்டில் ஒன்று, கண்ணீர்க் கோட்டில் ஒன்று. கண்ணின் வெள்ளை விழிக்குப் பொதுவாக வெள்ளையே தேவைப்படாது. இமை நிழலுக்குள் இருப்பதால் தாளே அதற்குப் போதும். அங்கே வெள்ளை வைத்தால் முகம் திடுக்கிட்டு விழிக்கும்.

கடைசியாகக் கரி. கண்மணி, மூக்குத்துவாரம், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு, சட்டைக் கழுத்து. வெள்ளைக்கு ஒரு புதுத் துண்டுத் தாளும் கரிக்கு வேறு துண்டும் கைக்கு அடியில் வேண்டும். ஒன்றே இருந்தால் கரி தாடிக்குப் போய்ச் சேரும்.

பழுப்பின்மேல் கிராஃபைட்டின் குளிர்ச்சி இதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கும். அது உறுத்தினால் நிழல்களின்மேல் அடர்பழுப்புக் கலர் பென்சிலை ஒரு சுற்று இலேசாக ஓட்டலாம். அல்லது அடுத்த படத்துக்குச் சாம்பல் நிறத் தாளை எடுக்கலாம். கிராஃபைட்டும் சாம்பல் தாளும் ஒத்துப்போகும், பழுப்புத் தாளுக்குக் கரியும் செம்பழுப்புச் சாக்கும்தான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

ஃபிக்சேட்டிவ் அடித்ததும் காணாமல்போன வெள்ளை

வெள்ளைச் சார்கோல், பாஸ்டல், சாக் இன வெள்ளையின்மேல் ஸ்பிரே அடித்தால், காய்ந்தபின் அது பாதியாக மங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையில் சாக்கு எழுத்து மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிவதைப் பார்த்திருப்போம். சாக்குத் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும்வரைதான் அது வெள்ளை. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்; பக்கத்துப் பக்கத்துப் பொருள்களின் எண்கள் நெருங்கினால் ஒளி சிதறாது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, சுண்ணாம்புச் சாக்கின் எண் சுமார் 1.6, ஃபிக்சேட்டிவ் பிசினின் எண் சுமார் 1.5. காற்று இருந்த இடத்தில் பிசின் நிரம்பினால் சாக்கு ஏறக்குறைய ஒளி ஊடுருவும் பொருளாகிவிடுகிறது. கரும்பலகையில் தண்ணீர் ஆவியாகிவிடும், பிசின் ஆவியாகாது. டைட்டானியம் வெள்ளையின் எண் 2.5-க்கும் மேல் என்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. குவாஷ் புள்ளிகள் மங்காமல் நிற்பதற்கும் இதுவே காரணம்.

ஆகவே கிராஃபைட்டும் கரியும் முடிந்தவுடன், வெள்ளை தொடங்கும் முன், மேலே வரைய இடம் தரும் ஒர்க்கபிள் ஃபிக்சேட்டிவை 30 செ.மீ. தள்ளி நின்று இரண்டு மெல்லிய சுற்று அடிக்கலாம். அப்படிச் செய்வதென்றால் கரியை வெள்ளைக்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். முதலில் அதே தாளின் துண்டில் அடித்துப் பார்ப்பது அவசியம், சில தாள்கள் ஸ்பிரேயில் அரைப்படி கறுத்துவிடும். வெள்ளைக்குப் பின் எதுவும் அடிக்காமல், கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுண்ட் (இடைவெளி தரும் அட்டை விளிம்பு) வைத்துச் சட்டமிடுவதே நல்லது.

படம் பிடிக்கும்போது

போன் கேமரா பழுப்புத் தாளைப் பார்த்தால் மஞ்சள் விளக்கு என்று நினைத்துக்கொண்டு நிறத்தைச் 'சரிசெய்து' தாளைச் சாம்பலாக்கிவிடும். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல், படத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்து அதை வைத்து அமைத்துவிட்டு, பிறகு அந்தத் துண்டை வெட்டிவிடலாம். விளக்கு இரண்டு, இருபுறமும் 45 டிகிரியில். நேர் எதிரே விளக்கு இருந்தால் கிராஃபைட்டின் மினுக்கம் முழுவதும் லென்ஸுக்குத் திரும்பிவரும். ஸ்கேனரில் பின்னணியை நீக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது தாளின் நிறத்தை அழுக்கு என்று எடுத்துக்கொண்டு வெளுக்கும்போது தாடியின் வெள்ளையும் அதோடு போய்விடும், பள்ளங்களுக்கு வரைந்த 2பிக் கோடுகள் மட்டும் மிஞ்சும்.